பிரபுக்களில் ஒருவன் என் மகன்

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில்தான் தமிழும் ஆங்கிலமும் எழுத வாசிக்கப் பழகினேன். தாளில் எழுதிப் படம் பிடித்து இந்தக் குழுவில் போடுகிறேன்.

இன்று மகன் பாடும் ஓப்பரா இசைநாடகத்துக்கு, அவனுக்குச் சொல்லாமல் போனேன். பழங்கால அரசன் ஒருவன் தன் தோழனைக் காதலிக்கிறான். பிரபுக்கள் தோழனைத் துரத்திக் கொல்கிறார்கள். மேடைக்கு மேலே ஓடிய ஆங்கில வரிகளை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

"அவனை வெளியே அனுப்பு" என்று பிரபுக்கள் பாடினார்கள். அவர்களில் ஒருவன் என் மகன்.

ஆறு வருடங்களுக்கு முன் தன் காதலனை எங்கள் நோர்பரி வீட்டுக்கு அவன் கூட்டிவந்தபோது நான் சொன்னதும் அதுதான். அன்றே மகனும் போய்விட்டான்.

முடிந்ததும் பின்வாசலில் காத்து நின்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாவன், தம்பி" என்று கெஞ்சினேன்.

"பாப்பம் அப்பா" என்றான்.

எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்றால் வருவார்களா? தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். டூட்டிங் கடையில் மூன்று பேருக்கு நண்டு வாங்க வேண்டும்.