கட்டையின் மேல் போட்ட பழி

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் துப்பாக்கி ஒருமுறை வெடித்தாக வேண்டும். அது அப்பா வைத்த சட்டம். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற பக்கம், ஊரை விட்டுத் தள்ளி நிலத்துக்கு நடுவே தனியாக இருந்தது எங்கள் வீடு. நாங்கள் கிணற்றில் மோட்டார் போட்ட வருடம்தான் பக்கத்துக் கொல்லையில் இருந்த மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போனான். அப்பா அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கினார். பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் வந்தது. துப்பாக்கி வந்தால் போதுமா, இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் இந்த வெடி. பூஜை முடிந்ததும் வேலியோரப் பனைமரத்தில் ஒரு மண்சட்டியைக் கட்டித் தொங்கவிடுவார். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடுவார். சட்டி சிதறும், எல்லோருக்கும் சுண்டல் கிடைக்கும், துப்பாக்கி சுவருக்குப் போய்விடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பூஜை அன்று சட்டி சிதறவில்லை.

பனைமரத்துக்கு இடப்பக்கம் நாலைந்து அடி தள்ளி, மாட்டுக்கொட்டகை ஓரமாக அம்மா நின்றிருந்தாள். வருடா வருடம் அவள் நிற்கிற இடம்தான் அது. அப்பாவின் குறி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சுண்டலைக் கொட்டிவிட்டுக் காலி அலுமினியத் தட்டைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுப் பிடித்திருந்தாள். வெடிச் சத்தம் கேட்டது. தட்டு அவள் கையிலிருந்து பறந்தது. சட்டி பனைமரத்தில் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு ஓடிப்போய் அம்மாவைத் தொடக்கூடத் தோன்றவில்லை. தட்டில் நாலு ரவை துளைத்திருந்தது. அவள் முந்தானையில் ஒரு ஓட்டை. உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

"கட்டை அசைஞ்சிடுச்சி," என்றார் அப்பா.

அந்தத் துப்பாக்கியின் மரக்கட்டை, அதாவது தோளில் பதிகிற பின்பகுதி, விரிசல் விட்டுச் செம்புக் கம்பி சுற்றித்தான் இருந்தது. அதனால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு தடவை கட்டையைத் தடவிப் பார்த்து, "கட்டைதாங்க, கட்டையேதான்," என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தின்றபடி போனார்கள். நானும் நம்பினேன். வாயில்லாத கட்டை, என்ன மறுத்தா பேசப்போகிறது?

அடுத்த வாரம் புதுக் கட்டை போட விழுப்புரம் கிளம்பினோம். லைசென்ஸ் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் அதைப் படித்துச் சொல்லக் கூடப் போனேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரயிலில் அப்பா கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர் மாதிரி குஷியாக இருந்தார். கைப்பிடி வளைந்த கட்டைதான் வேண்டும், அதில் சதுரம் சதுரமாகக் கோடு செதுக்கியிருக்க வேண்டும், யாரோ ஒரு மிராசுதாரர் வீட்டில் பார்த்தாராம்.

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஆசாரியின் கடை. யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் துப்பாக்கிக் கட்டை இழைத்தவர். முதலில் லைசென்ஸைக் கேட்டார். நான் படித்துச் சொன்ன பிறகுதான் சாக்கைப் பிரிக்கவிட்டார். சுவரில் மூன்று மாதிரிக் கட்டைகள் தொங்கின. ஒன்று வளைவே இல்லாத நேர்க்கட்டை. ஒன்று கை பிடிக்கிற இடத்தில் கீழ்நோக்கி வளைந்தது. மூன்றாவதில் கன்னம் பதிய ஒரு மேடு இருந்தது.

அப்பா வளைந்ததை எடுத்துத் தடவினார்.

"வேட்டைக்கா, வூட்டுக் காவலுக்கா?" என்று கேட்டார் ஆசாரி.

"காவலுக்குத்தான் ஆசாரியாரே."

"அப்பன்னா நேர்க்கட்டை வாங்கிக்கங்க. கொஞ்சம் குட்டையா செஞ்சித் தர்றேன். அவசரத்துல தூக்கனா வாசக்கதவு நெலையில இடிக்காது, துணியில மாட்டாது. வளைஞ்சது நின்னு நெதானமா சுடறவங்களுக்கு."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வளைஞ்சதுதாங்க எனக்குப் புடிச்சிருக்கு," என்றார்.

"சரி, ஒங்க ஒடம்பு என்னா சொல்லுதுன்னு பாப்போம்." முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனிவரை அளந்து பலகையில் எழுதிக்கொண்டார். துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல் வழியாகத் தெருவைப் பார்த்து, எங்களையும் பார்க்கச் சொன்னார். காலிதான். பிறகு எதிரில் போய் நின்று, தன் கண்ணுக்குக் கீழே ஒரு விரலை வைத்தார். "கண்ண மூடித் தோள்ல வச்சிக்கங்க. தெறந்ததும் என் இந்தக் கண்ணைக் குறி பாருங்க."

அப்பா அப்படியே செய்தார். குழல் ஆசாரியின் கண்ணைப் பார்க்கவில்லை. அவருடைய வலது காதைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. இன்னொரு முறை. அப்போதும் சுவர்தான். மூன்றாம் முறை அப்பாவின் கழுத்து கட்டைக்கு மேலே கோணலாக ஏறிப்போனதை நானே பார்த்தேன். ஆசாரி கிட்டே வந்து, அப்பாவின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். இன்னொரு கையை முகத்துக்கு எதிரே நீட்டினார்.

"எத்தினி வெரலு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "மூணு," என்றார்.

ஆசாரி விரலே காட்டவில்லை. கையை மூடி வைத்திருந்தார்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து அப்பா சிரிப்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆசாரி கையை எடுத்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"எப்பலேர்ந்துப்பா?" என்றேன்.

"அந்த அறுப்புலேர்ந்து."

இரண்டு வருடம் முந்தி நெல் அடிக்கும்போது ஒரு மணி தெறித்து அவர் வலது கண்ணில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். அவர் கேட்கவில்லை. களத்துக்கு வருகிறவர்களில் பிள்ளை பெற்றிருந்த ஒரு பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று சொன்னார். சொன்னது அவர்தான். நாங்கள் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. போன வருடச் சட்டி எப்படிச் சிதறியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் வாய் தடுமாறியது. "அம்மா தட்டுல நாலு ஓட்டை, ஆசாரியாரே! கையில புடிச்சிக்கினு நின்னாங்க. கட்டைன்னு சொன்னாரு. எல்லாரும் கட்டை, கட்டைன்னு..."

ஆசாரி அப்பாவைப் பார்த்தார். "வலது தோள்ல வச்சி இடது கண்ணால பாக்கற மாதிரி பக்கவாட்டுல வளைச்சிக் கட்டை செய்யலாம். செஞ்சிருக்கேன். ஆனா பாக்கறவனுக்குத் தெரிஞ்சிடும். இல்லன்னா இடது தோளுக்கு மாறிக்கங்க. நேர்க்கட்டை ரெண்டு தோளுக்கும் ஒத்து வரும்."

"ஆயுதத்தப் பீச்சாங்கைப் பக்கம் தூக்கறதா? வேணாம். இதே மாதிரி வளைஞ்சதப் போட்டுக் குடுங்க. புதுசா இருந்தா போதும்."

"போடறேங்க. கூலியும் வாங்கிக்குவேன். அடுத்த பூசைக்கு அந்தம்மா எங்க நிப்பாங்க?"

அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

திரும்பும் ரயிலில் அவர் நேரே பார்த்தபடி பேசிக்கொண்டே வந்தார். "அம்மாகிட்ட சொல்லிடாத. துப்பாக்கி இருக்கற வூடுன்னுதான் எவனும் கிட்ட வரல. சுடறவனுக்குக் கண்ணு இல்லன்னு தெரிஞ்சா நாம எப்பிடிக் குடியிருக்கறது?" பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் அழுதேன், கன்னமெல்லாம் நனைய அழுதேன். அவர் திரும்பவே இல்லை. நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "எந்தக் கட்டைக்குச் சொல்லிட்டு வந்தீங்க?"

"வளைஞ்சதுக்குத்தான். சதுரம் சதுரமா கோடு போட்டு, பாக்கவே அம்சமா இருக்கும்," என்று அப்பா ஆரம்பித்தார். எப்படி இந்த மனுஷனால் முடிகிறது என்று எனக்கு அதிர்ச்சி. சொல்லாதே என்று கேட்டது வேறு, அவள் முகத்தைப் பார்த்து இப்படி அளப்பது வேறு. கொட்டகைக்குப் போனேன். மாட்டுக்குத் தவிடு அள்ள அம்மா அந்தத் தட்டைத்தான் வைத்திருந்தாள். தவிட்டைத் தட்டிவிட்டு எடுத்துவந்து அப்பாவின் முன்னால் வைத்தேன்.

அப்பா பேச்சை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாங்க இது?" என்றாள் அம்மா.

அவர் இன்னொரு கையால் தட்டைத் தேடினார். விரல் தரையில் பட்டு, மோர்ச் சொம்பில் இடித்து, அப்புறம்தான் தட்டுக்கு வந்தது. தடவித் தடவி எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு." நாலாவது கிடைக்க நேரமாயிற்று. "நாலு."

அம்மா அவர் முகத்துக்கு முன்னால் தன் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். ஆட்டிக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அன்று அவள் கட்டியிருந்தது அதே புடவை, ஓட்டையைத் தைத்திருக்கவில்லை. முந்தானையை இழுத்து, அவருடைய விரலைப் பிடித்து அந்த ஓட்டைக்குள் நுழைத்தாள்.

"இது அஞ்சாவது," என்றாள். "இதயும் சேத்து எண்ணுங்க."

அப்பா கண்ணிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "நாளைக்கே போறேன்," என்றார். "நேர்க்கட்டைக்குச் சொல்லிட்டு வர்றேன். இடது தோளுக்கு."