தேங்காயெண்ணெய் ஊற்றிய டீசல் கார்

டீசல் என்ஜின் குளிரில் பற்றவேண்டுமென்றால் முதலில் அதன் உள்ளே சூடு ஏறவேண்டும். அந்தச் சூட்டைக் கொடுக்கிற விரல் நீளக் கம்பிதான் குளோ பிளக். எங்கள் கிழட்டுக் காருக்கு அது செத்துப்போனது என் டிரைவிங் லைசன்ஸ் ரெஸ்ற் அன்று காலை. நாள் பார்த்துச் செத்தது, சனியன்!

ரெஸ்றுக்குச் சொந்தக் காரோடு போகவேண்டும். லைசன்ஸ் கிடைத்தால் தூரத்து மிசிசாகாவில் எனக்கு ஒரு விடியற்காலை வேலை இருந்தது. பஸ்ஸில் போனால் நாங்கள் இருக்கிற மோர்னிங்சைட்டிலிருந்து விடிய முதல் அங்கே போய்ச்சேர முடியாது. இந்த ரெஸ்றை விட்டால், அடுத்த தவணைக்குள் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் மனுசன் வேலையில் நிற்கிற நேரமெல்லாம் "அண்ணை, இண்டைக்கும் ஒருக்கா இறக்கி விடுவியளோ" என்று கண்டவர்களிடமும் கேட்டு எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

புதுப் பிளக் வீட்டில் இருந்தது. பழையதுதான் அசைய மாட்டேனென்றது.

"இறுகின நட்டுக்கு ஊரில என்ன விடுறனாங்கள்? தேங்காயெண்ணெய்தானே!" என் மனுசன் அடுப்பில் உருக்கிக் கொண்டுவந்து தாராளமாக ஊற்றினார். ஊரில் சரி. இந்தக் குளிரில்? பிளக்கைச் சுற்றி வெள்ளை மெழுகாக உறைந்து நின்றது. கோபத்தோடு எனக்குச் சிரிப்பும் வந்தது.

"இழுத்தா முறிஞ்சுபோம். பிறகு என்ஜினைத்தான் கழட்ட வேணும். நீர் பேசாம வேற நாள் கேளும்."

"முறிக்கவும் மாட்டன், ரெஸ்றை விடவும் மாட்டன். தள்ளுங்கோ அங்கால!"

தலை காயவைக்கிற டிரையரை நீள வயரில் கொழுவி, என்ஜினைப் பழைய கம்பளியால் மூடி, உள்ளே சூடு ஊதினேன். கை விறைத்தது, மூக்கு ஓடியது. எண்ணெய் உருகி மெல்ல மரைக்குள் இறங்கியது. ஸ்பனரால் கொஞ்சம் கழற்றுவேன், முனகும். உடனே திருப்பி இறுக்கிவிட்டு மறுபடி ஊதுவேன்.

"மெதுவா, மெதுவா!"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ!"

கடைசியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பிளக் முழுசாக என் கைக்கு வந்தது. சந்தோசத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதுசைப் பூட்டிக்கொண்டு ஓடினோம். ரெஸ்ற் நிலையத்தில் முறை வருவதற்குள் என்ஜின் ஆறிப்போனது. என்னைச் சோதிக்க ஏறியிருந்த வெள்ளைக்காரி மூக்கைச் சுளித்தாள். கார் முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம். "ஸ்ராட்" என்றாள். சாவியைப் பாதி திருப்பி, பிளக் சூடாகும்வரை எரிகிற சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை போட அவள் பேனாவைத் தூக்கினாள்.

"வெயிற்" என்றேன். ஒரு அதிகாரிக்கு நான் போட்ட முதல் கட்டளை அதுதான். விளக்கு அணைந்தது. கார் ஒரே திருப்பில் பிடித்தது.

பாஸ்.

வெளியே குளிரில் நின்ற மனுசன் ஓடிவந்து, பழக்கதோசத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். நான் இறங்கவில்லை.

"மற்றப் பக்கத்தால ஏறுங்கோ" என்றேன். "ஏறி, மிசிசாகாவுக்கு எந்த றோட்டெண்டு சொல்லுங்கோ."