ஏழாம் நம்பர் மலைக்குக் கேட்ட வர்ணனை

மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள். சும்மா என்றால் கையில் போனோடு. போன வாரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வழியில் வாங்கிய சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, கிரிக்கெட் வர்ணனை பண்றவங்களுக்கு எந்த நாட்டுல எவ்வளவு சம்பளம்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்காங்க, பாருங்க" என்று போனை நீட்டினாள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா என்று வரிசையாக இறங்கியது. தள்ளித் தள்ளிப் பார்த்தேன், நம் நாட்டைக் காணோம். அதற்குள் சோற்றைச் சுற்றியிருந்த லஞ்ச் ஷீட் பொலித்தீன் சூட்டில் இளகிய வாசம் மூக்கில் ஏற, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த அம்மாவும் ஒரு காலத்தில் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கியவள்தான். ஒரு நாள் முழுக்கக் கத்தினால் ஒரு சோற்றுப் பார்சல். இறுதிப் போட்டி என்றால் கூட ஒரு சோடா.

யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நம் நாடு உலகக் கோப்பையை வென்ற பிறகு அங்கே கிரிக்கெட் பைத்தியம் பிடிக்காத ஆளே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மென்பந்தில் ஆடுகிற சாஃப்ட்போல் கிரிக்கெட் போட்டி நடக்கும். ஒலிபெருக்கி பஜாரிலிருந்து வரும். அதை வாடகைக்குக் கொடுத்தவர் நிசாம் நானா. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் கோயில் திருவிழாவுக்கு அறிவிப்புச் செய்கிற மாமா. ஒரு நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "டீச்சர் புள்ள பேசட்டும்" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டார்கள். மைக்கின் பஞ்சில் மாமாவின் வெற்றிலை வாசம் அப்படிக் குமட்டியது. முதல் ஓவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

எங்கள் வர்ணனைக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவார்கள். அன்று எடுக்கிற கொழுந்துக்கு அன்றே காசு, யார்தான் விடுவார்கள்? மைதானத்துக்கு மேலே ஏழாம் நம்பர் மலை; தேயிலை மலைகளுக்கு நம்பர்தான் பெயர். அங்கிருந்து பார்த்தால் நிழல் மரங்கள் மறைத்துவிடும், ஒரு ஆட்டமும் தெரியாது. கீழே விளையாடுவதோ அவர்களுடைய மகன்மாரும் புருஷன்மாரும். அதனால் ஒரு ஒலிபெருக்கிக் குழாயை மலைப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார்கள். வர்ணனை செய்பவர் பந்து போகும் திசையைத் தோட்டத்து இடங்களை வைத்தே சொல்ல வேண்டும். ஸ்டோர் பக்கம் என்றால் தேயிலை ஆலைப் பக்கம். லயத்துப் பக்கம் என்றால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் பக்கம். பிறகு கோயில் பக்கம், ஏழாம் நம்பர் பக்கம். நாலு பக்கமும் முடிந்தது, வேறு என்ன வேண்டும்?

"ஏழாம் நம்பர் பக்கமா பறக்குது, கொழுந்து எடுக்கிறவங்க தலைய பாத்துக்குங்க!" என்று நான் கத்தினால், மேலிருந்து "கூ...!" என்று ஒரே கூவல் வரும். அந்தக் கூவலில் என் அம்மாவின் குரல் எனக்குத் தனியாகத் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, அதைக் கேட்கும்போது சோற்றுப் பார்சலெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கிராமத்துச் சிங்களப் பையன்கள் விளையாட வந்தால் ஸ்கோரைச் சிங்களத்திலும் சொல்வேன். போகும்போது "நங்கி, நியமய்!", அதாவது தங்கச்சி, பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

அந்தத் தலைக்கனத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் நிசாம் நானா. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வளைகுடாவுக்கு ஹோட்டல் டிரைவராகப் போனார். அங்கே கிரிக்கெட் நடந்தால் வர்ணனையாளர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி இறக்குவது அவர் வேலை. வண்டியில் அவர்கள் பேசுவதையெல்லாம் காதில் வாங்கி எனக்குக் கடிதம் எழுதுவார்.

"தங்கச்சி, இங்கிலாந்துக்காரருக்கு வருஷக் கணக்குல ஒப்பந்தமாம். இந்தியாக்காரர் முந்தி நாட்டுக்கு விளையாடினவர், வாயத் திறந்தாலே காசு. ஆஸ்திரேலியாக்காரர் பேசுறது போதாதுன்னு புத்தகமும் எழுதுறாராம். நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் வந்தார். பாவம், ஆபீசுல லீவு போட்டுட்டு வந்திருக்கார், திங்கக்கிழமை வேலைக்குப் போகணுமாம். ஆனாலும் அவருக்கும் நல்ல ரூம்தான். நீங்க ஏன் அங்க சோத்துப் பார்சலுக்குக் கத்திக்கிட்டு இருக்கீங்க? கொழும்புல ரேடியோவுக்கு எழுதிப் போடுங்க."

எழுதிப் போட்டேன். குரல் தேர்வுக்கு வரச் சொல்லிப் பதில் வந்ததும் லயமே சிரித்தது. "கூரை ஏறி கோழி பிடிக்கத் தெரியாதவ வானம் ஏறி வைகுண்டம் போறாளாம்" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.  அம்மா மட்டும் அந்த ஞாயிறு எடுத்த கொழுந்துக் காசை என் கையில் வைத்து, "பஸ்ஸுக்கு" என்றாள். தொண்டர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பி எத்தனை வருஷம் இருப்பது? அந்தத் தேர்வு எனக்கு விளையாட்டு இல்லை. அது கிடைத்தால் அம்மா மலை ஏற வேண்டாம்.

பஸ்ஸில் ஆஃப் சைட், லெக் சைட், பொயிண்ட், கவர் என்று மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தமில்லாமல் ஒரு போட்டியைத் திரையில் ஓடவிட்டார்கள். முதல் இரண்டு பந்து ஒழுங்காகப் போனது. மூன்றாவது பந்தை அடித்தான் பாருங்கள் ஒரு அடி, என் மனப்பாடமும் சேர்ந்து பறந்துவிட்டது.

"ஸ்டோர் பக்கமா தூக்கிட்டாரு! கோயில் பக்கம் நிக்கிறவர் ஓடுறாரு, ஓடுறாரு... ஏழாம் நம்பர்ல உள்ளவங்க கவலப்படாதீங்க, பந்து அங்க வரல்ல!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "எந்த கிரவுண்ட்மா இது?" என்று கேட்டார். கேலி இல்லை, பிரியமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பூமி பிளக்காதா என்றிருந்தது. இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. குரல் நன்று, விளையாட்டு அறிவு போதாது. அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் நின்று அழுதேன். வேலை கிடைக்காமல் போனதற்கு அழுதேனா, அவமானத்துக்கு அழுதேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வீம்போடு மைதானத்துக்குப் போனேன். எனக்கா விளையாட்டு அறிவு இல்லை? மைக்கைப் பிடித்தேன். "டீப் மிட்விக்கெட் திசையில் அழகான நான்கு ஓட்டங்கள்!" மலையில் சத்தமில்லை. "கவர் திசையில் மற்றொரு நான்கு!" அதற்கும் சத்தமில்லை. மைதானத்தில் இருந்தவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை மேலேயிருந்து, குழாய்ச் சத்தத்தையும் மீறி, என் அம்மாவின் குரல் வந்தது.

"ஏய்! பந்து எங்கடி போச்சு? சொல்லித் தொலையேன்!"

மைதானமே சிரித்தது. அடித்தவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. "லயத்துப் பக்கம்மா! நம்ம வீட்டு வாசலுக்கே போயிருச்சு!" என்றேன் மைக்கிலேயே. அப்போது வந்தது பாருங்கள் ஒரு "கூ..."! எந்த நாட்டு வர்ணனையாளருக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கும்?

பிறகு நிரந்தர நியமனம் வந்தது, கல்யாணம் வந்தது, நாங்கள் டவுனுக்கு இறங்கிவிட்டோம். நியமனம் வரும்வரை அம்மா மலை ஏறிக்கொண்டுதான் இருந்தாள். அவள் போயும் பல வருஷம் ஆகிறது. நிசாம் நானா பஜாரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கண்டால், "உங்கள நான் தூக்கிவிடப் பாத்தேன், நீங்க ஸ்டோர் பக்கம் போயிட்டீங்க" என்பார்.

போன தீபாவளிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மைதானத்தில் போட்டி நடந்துகொண்டிருந்தது. இப்போது அதைப் போனில் நேரடியாகக் காட்டுகிறார்கள், டோஹாவில் வேலைக்குப் போயிருக்கிற தோட்டத்துப் பிள்ளைகளும் பார்க்கலாம். மைக்கில் பேசிய தம்பிக்கு நல்ல குரல். "ஏழாம் நம்பர் பக்கமா போகுது, தலைய பாத்துக்குங்க!" என்றான்.  ஓவர் முடிந்ததும் போய், "ஏன் தம்பி, ஏழாம் நம்பர்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"தெரியல்லங்க அக்கா. இந்த கிரவுண்டுல அப்படித்தான் சொல்லுவாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். ஏழாம் நம்பரைக் கைவிட்டுப் பல வருஷமாம். தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாகிக் காடு மண்டிக் கிடந்தது. ஆனாலும் அடுத்த பந்து அந்தப் பக்கம் பறந்தபோது, கூவல் வரும் என்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.