கீறல் விட்ட ஜாடி

கிறிஸ்துமஸுக்காக மலேசியாவில், எங்கள் கிள்ளான் வீட்டில் திராட்சை வைன் போட்டிருந்தேன். அதிலிருக்கும் வாயுவை வெளியேற்ற, ஏர்கோன் என்கிற குளிர்சாதனங்களைப் பழுதுபார்க்கும் நண்பரிடம், காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் இரவல் வாங்கினேன்.

"கண்ணாடி ஜாடியில கீறல் இருக்குங்க, வேணாம் லா" என்றாள் என் மனைவி மேரி.

"உனக்கு என்ன தெரியும்? ஜாடியைச் சும்மா பிடி" என்று அதட்டிவிட்டு பம்பைப் போட்டேன். நுரை பொங்கியது. சட்டென்று ஜாடி உள்வாங்கி நொறுங்கியது.

மேரியின் முகமெல்லாம் சிவப்பு. ரத்தமா, வைனா தெரியவில்லை. "கண்ணைத் திறக்காதே!" என்று கத்தியபடி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நல்லவேளை, காயமில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்க கையைப் பாருங்க" என்றாள். என் உள்ளங்கை கிழிந்திருந்தது.

கிளினிக்கில் தையல் போடும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'அப்பவே சொன்னேனே' என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.