சீல் போட்டுத் திருப்பிய கடிதம்

எங்கள் வக்கீல் சாரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அந்த நான்கு ஓட்டுக் கதையைத்தான் சொல்வார்கள். நான்கே ஓட்டில் தோற்ற ஒருவருக்காக வழக்குப் போட்டு, நாற்பதாயிரம் சீட்டுகளையும் மறுபடி எண்ண வைத்தார். மூன்று நாள் கிடங்கில் நின்று ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முடிவில் அந்த ஆள் ஆறு ஓட்டில் தோற்றார். "எண்ணிக்கை சரியாயிடுச்சு, அதைத்தானே கேட்டீங்க?" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார் சார். இப்படி ஒரு மனுஷனிடம் இருபத்தொன்பது வருடம் டைப் அடித்தவள் நான். எனக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

எதிர்த்தரப்பில் பெரும்பாலும் ஒரே வக்கீல்தான் வருவார். நாங்கள் வைத்த பெயர் ஆட்சேபணை. சார் தொண்டையைச் செருமினாலே எழுந்து "ஆட்சேபிக்கிறேன்" என்பார். கோர்ட்டுக்குள் இரண்டு பேரும் கடித்துக் குதறிக்கொள்வார்கள். வெளியே வந்ததும் கேன்டீனில் ஜன்னலோர மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"உன் மூணாவது பாயிண்ட் இருக்கே, ஊசிப்போன சரக்குய்யா."

"உனக்கு முதல் பாயிண்ட்டே அப்படித்தானேய்யா."

அந்த மேஜையில் மட்டும்தான் சார் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

பிறகு அரசாங்கம் அவரைத் தேர்தல் கண்காணிப்பு அதிகாரி ஆக்கியது. கட்சிகள் விதியை மீறினால் விசாரித்து ஆணை போடும் வேலை. ஆறு வருடப் பதவி. என்னையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். பதவியேற்கும் அன்று, யார் யாரோடு விசாரணைக்கு வெளியே தொடர்பு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஒரு விலகல் பட்டியல் எழுதித் தர வேண்டும். மற்ற அதிகாரிகள் பேருக்கு நாலைந்து பெயர் எழுதுவார்கள். இவர் மத்தியானம் வரை உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பெயர் எழுதினார். முதல் பெயர் ஆட்சேபணையுடையது.

"இவங்ககிட்டேருந்து கடிதம் வந்தா பிரிக்காம சீல் போட்டுத் திருப்பிடுங்கம்மா. எங்கிட்ட சொல்லவும் வேண்டாம்."

"ஒரு பார்வை பார்த்துட்டு..."

"பார்த்தா படிக்கத் தோணும்."

ஊரில் பாதிப் பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மீதிப் பேர் இவரைக் கண்டால் எதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போனார்கள். நாலாவது மாடி அறையில் அவருக்கு எதிரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் யாரும் உட்காராததால் கோப்புகளை அடுக்கி வைத்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் மனைவி போன் செய்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். ஒரு நாளில் அவரிடம் கோப்பைப் பற்றி இல்லாமல் யாராவது பேசினார்கள் என்றால் அது அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் அந்த அம்மா இறந்துபோனார். ஆட்சேபணை அப்போது வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தார். ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கும் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் சீல் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். விதி என்றால் விதி என்று அவரிடமே கற்றவள் ஆயிற்றே! நாசமாய்ப் போக என் கை.

அதன் பிறகு ஆட்சேபணை எங்கள் அலுவலகப் பக்கமே வரவில்லை. விசாரணைக்கு ஜூனியர்களை அனுப்பினார். சார் ஒவ்வொரு தடவையும் கதவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

ஆறு வருடம் முடிந்த வெள்ளிக்கிழமை, சார் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை கேன்டீனுக்குப் போகப் போறேன்மா. அவன் வருவானான்னு தெரியல. அவ போனப்போகூட ஒரு வரி எழுதல அவன். இருபத்தஞ்சு வருஷப் பழக்கம்மா."

கையிலிருந்த கோப்பைக் கீழே வைத்தேன். "எழுதினாரு சார். நான்தான் சீல் போட்டுத் திருப்பிட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "எழுதினானா, எழுதினானா" என்று இரண்டு தடவை கேட்டார்.

நான் அந்த அலுவலகத்திலேயே தொடர்ந்தேன். திங்கட்கிழமை காலை புது அதிகாரி வந்தார். யாரென்ற உத்தரவை அன்றுதான் வெளியிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால், வாசலில் ஆட்சேபணை!

கேன்டீனில் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார் என்று நான் சொல்வதற்குள் அவர் விலகல் பட்டியலுக்கான புதுத் தாளைக் கேட்டு வாங்கிவிட்டார். சார் போட்ட ஆணைகளில் பதினேழு மறுவிசாரணைக்கு அவர் முன்னால்தான் வர இருந்தன. முதல் வரியில் சாரின் பெயரை எழுதினார்.

"நாலு பக்கம் எழுதினேம்மா. பிரிக்காமலே திருப்பிட்டான். இனிமே அவனுக்கும் எனக்கும் என்ன இருக்கு? அதான் இந்த வேலைக்குச் சரின்னு சொன்னேன்."

"அவருக்குத் தெரியவே தெரியாது சார்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். பட்டியலில் எழுதியதை அவர் அடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாரிடமிருந்து ஓர் உறை வந்தது. பட்டியலில் இருக்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதியிருப்பார். இந்தத் தடவை நான் அந்தத் தப்பைச் செய்யத் தயாராக இல்லை. நேரே உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். ஆட்சேபணை அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"எத்தனை பக்கம் இருக்கும்மா?"

"நாலு இருக்கும் சார்."

தலையை ஆட்டினார். என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சீல் போட்டு அனுப்பிடுங்க. ஓரமா போடுங்க. உள்ள எழுத்துல மை ஊறிடப் போகுது."