இடது காலில் மட்டும் எண்ணெய்

போன வருஷம் தீபாவளி ஆர்டர் புடவைகள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயம். ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்த இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தம்பி ஆசை ஆசையாக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார வேண்டும், கையால் கியர் போடும் வண்டி. வாங்கிய கொஞ்ச நாளில் அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. "சும்மா நின்னா வீணாப்பூடும்க்கா, நீ ஓட்டிகினு இரு" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் கணவருக்கு ஸ்கூட்டரோடு சரி. வாரம் பூராவும் பட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் பக்கத்திலுள்ள திருமலை சமணர் கோயில் வரை போய்வருவது ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்த சந்தோஷம்.

ஒரு ஞாயிறு திரும்பி வரும்போது செகண்ட் கியர் கர்ரென்று கத்தியது. அடுத்த வாரம் ரிவர்ஸ் விழவே மாட்டேன் என்றது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஓட்டிக்கொண்டு போனதும் நான், கோளாறைச் சொன்னதும் நான். மெக்கானிக்கோ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் கணவரிடம் திரும்பி, "லேடீஸ் ஓட்ற வண்டில இதான் சார் பேஜாரு. கிளட்ச்ச முழுசா மிதிக்க மாட்றாங்க. உள்ள பல்லு தேஞ்சிருக்கும். ரெண்டு நாள் கழிச்சி கொண்டாங்க, கியர் பாக்ஸை எறக்கிடலாம்" என்றார்.

எனக்கா மிதிக்கத் தெரியாது! கல்யாணத்துக்கு முன்பிருந்தே தறியின் மிதிபலகையை மிதிக்கிற கால் இது. அரைகுறையாக மிதித்தால் இழை பிரியாது, குறுக்கே நூலை இழுத்துப்போகும் நாடா ஓடாது. எனக்கு இவர் மிதிக்கச் சொல்லித் தருகிறாராம்! நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "சரிங்க, பண்ணிடுங்க" என்று தலையாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி போன் செய்தான். என் கணவர் அதற்குள் அவனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார். "இனிமே நீ அத தொடாதக்கா. ரிப்பேர் பண்ணி வித்துடலாம்" என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் போனால் போகிறது என்கிற அந்தக் குரல்தான் எனக்குத் தாங்கவில்லை.

கோபத்தோடு தறிக்குப் போனேன். பட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் புடவை போச்சு. அதனால் உட்காரும் முன் கைகாலை வெள்ளைத் துணியால் துடைப்பது எங்கள் பழக்கம். வலது காலைத் துடைத்தேன், வெறும் புழுதி. இடது காலைத் துடைத்தேன், துணியில் வழவழவென்று மஞ்சளாக ஒரு கறை. வண்டியை நான் செருப்பில்லாமல்தான் ஓட்டுவேன். இடது கால் மிதிப்பது கிளட்ச்சை மட்டும்தானே!

தறியை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்கு ஓடினேன். எஞ்சினை நிறுத்தி கியர் போட்டுப் பார்த்தேன். எல்லாமே சுலபமாக விழுந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் போட்டால் ரிவர்ஸ் அலறியது. கிளட்ச்சை நாலைந்து தரம் படபடவென்று மிதித்துவிட்டுப் போட்டேன், விழுந்துவிட்டது! பெடலின் மேல்பக்கம் கையைவிட்டுத் தடவினால் ஒரே ஈரம். முன்பக்கம் திறந்து பார்த்தால் கிளட்ச் ஆயில் டப்பா கிட்டத்தட்டக் காலி. ஆயில் ஒழுகினால் எவ்வளவு மிதித்தும் என்ன பயன்? கிளட்ச் முழுசாக விடாது, கியர் எப்படி விழும்?

அப்போதே கணவரையும் அந்தத் துணியையும் ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். துணியை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் குனிந்து பெடலுக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தவர், "கிளட்ச்சுக்கு ஆயில் தள்ற மாஸ்டர் சிலிண்டர் லீக்கு. கியர் பாக்ஸை தொடவே தேவையில்ல" என்றார். அதோடு விட்டாரா? என் கணவரைப் பார்த்து, "சூப்பர் சார், கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்களே!" என்றார்.

என் கணவர் சிரித்தார். "ஏதோ, பாத்தேன்" என்றார்.

சிலிண்டரை மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது. தம்பியிடம் நானே போன் போட்டுச் சொன்னேன். விற்கும் பேச்சை விட்டுவிட்டான், சாவி என்னிடமே இருக்கிறது. அன்று திரும்பி வரும்போது கணவரிடம், "ஏங்க, நீங்க இன்னாத்த பாத்தீங்க?" என்று கேட்டேன். "அவன் அப்டி சொல்றான், நாலு பேர் முன்னாடி நான் இன்னான்னு சொல்றது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெக்கானிக்குக்காவது என்னைத் தெரியாது. இத்தனை வருஷமாக நான் தறி மிதிப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கிற மனிதருக்கு, "இவதான் கண்டுபிடிச்சா" என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை என்பது இன்றைக்கும் என் மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது.