ஒரு கண் போதும்

எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரெதிரே இரண்டு தொழிற்சாலைகள் தெரியும். நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்குச் சாலை. இரண்டிலுமே கேமராவுக்கு லென்ஸ் செய்கிறார்கள். கண்ணாடி வில்லைகள் ஒரே லாரியில்தான் வரும். டிரைவர் பாதியை இடப்பக்கம் இறக்கிவிட்டு மீதியை வலப்பக்கம் இறக்குவான். அப்படியிருந்தும் இடப்பக்கத்து லென்ஸ் ஒன்றின் விலைக்கு வலப்பக்கத்தில் நாலு வாங்கலாம். ஏன் என்று கேட்டால் படித்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் என் மருமகளைப் பற்றிச் சொல்கிறேன். காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

அவள் இடப்பக்கத்தில் லென்ஸ் சோதிக்கிறவள். என் மகன் வலப்பக்கத்தில் பெட்டி கட்டுகிறவன். காலையில் ஒன்றாகப் படியிறங்கி, சாலைக்கு வந்ததும் ஆளுக்கொரு திசையாகப் பிரிவார்கள்.

அவளுடைய வேலை இருட்டு அறையில். கறுப்புத் திரை, ஒரே ஒரு விளக்கு. மெருகேறி வருகிற லென்ஸை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். குமிழோ கீறலோ ஒரு முடியளவு தெரிந்தாலும் சிவப்புத் தட்டு. இல்லாவிட்டால் வெள்ளைத் தட்டு. வேலை முடிந்ததும் சிவப்புத் தட்டில் இருப்பதை அவளே இரும்பு டிரம்மில் கொட்டிச் சுத்தியலால் நொறுக்க வேண்டும். சூப்பர்வைசர் நின்று பார்ப்பார். ஓட்டை உடைசல் எதுவும் கம்பெனி பெயரில் வெளியே போய்விடக் கூடாதாம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள் என்று அவளுக்கு அங்கே ‘பருந்து’ என்றே பெயர்.

சாப்பிட உட்கார்ந்தால் என் மகன் வம்புக்கு இழுப்பான்.

“மாமியார் ஒடைச்சா மண்குடம், மருமக ஒடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க? இன்னைக்கு எத்தனை பொன்குடம்டி?”

“நாங்க டிரம்முல போடுறதைத்தான் நீங்க பொட்டியில போடுறீங்க.”

“வாயைப் பாரும்மா இவளுக்கு. எல்லாம் பேருக்குத்தான் காசு. உங்க கம்பெனிக்காரன் கேமராவுல அவன் லென்ஸ் மட்டும்தான் மாட்டும். வாங்கினவன் மாட்டிக்கிட்டான், அவன் சொன்னதுதான் விலை.”

“அதுவும்தான், நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா அத்தை, நாங்க ஏழு பூச்சு பூசுறோம், இவங்க ஒண்ணே ஒண்ணு. நாங்க ஒடைச்சதோட விலையையும் ஒடைக்காததோட தலையில வெச்சுதான் விக்கிறோம். அதான் வித்தியாசம்.”

இரண்டு பேர் சொன்னதும் சரியென்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் நான் மருமகள் பக்கம்தான் பேசினேன். பெற்றதற்காகப் பிள்ளை சொல்வதற்கெல்லாம் தலையாட்ட என்னால் ஆகாது.

ஒரு மழைக்காலத்தில் அவளுடைய சிவப்புத் தட்டு நிரம்ப ஆரம்பித்தது. லென்ஸ் லென்ஸாகப் புள்ளி. அதுவும் ஒரே இடத்தில், இடப்பக்கம் சற்று மேலே. மெருகு போடுகிறவருடைய இயந்திரத்தில்தான் கோளாறு என்று அவள் சொன்னாள். இயந்திரத்தைக் கழற்றி மாட்டினார்கள். மறுபடியும் புள்ளி. அப்படியானால் ஆள்தான் சரியில்லை என்றார் சூப்பர்வைசர். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமென்று மெருகுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த மனிதர் அவளைத் தேடி எங்கள் வாசலுக்கே வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“நான் தேய்ச்சதுல என்னம்மா கொறை?”

“கொறை இருக்குண்ணே. நான் பாத்தேன்.”

“பருந்து பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நம்பிச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைப் படுக்கை விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டவள், அதை மறுபடி எடுத்து வந்து சோப்புப் போட்டாள். மறுபடியும் கொடியில் போட்டாள், மறுபடியும் எடுத்தாள்.

“கை தேயுற மட்டும் தேய்க்கிறியே, எதுக்கு?” என்றேன்.

“இந்தக் கறை போகவே மாட்டேங்குது அத்தை.”

“எந்தக் கறை?”

“இதோ, மேல.”

ஒன்றுமில்லை. விரிப்பைத் திருப்பிப் பிடித்தேன். அங்கேயும் இருக்கிறது என்றாள். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். ஈரத் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“புள்ளி கண்ணாடியில இல்ல அத்தை.”

அன்று முழுவதும் என் மகன் கெஞ்சினான். “இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருக்கு? அதை வெச்சுப் பாரு. வாயைத் தொறந்தே, வேலை போயிடும்.”

“அந்த அண்ணனுக்குப் போகுதே?”

“அவரை நீயா அனுப்பினே?”

“வேற யாரு அனுப்பினது?”

திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட்டாள். அன்று காலையும் அவளைப் பார்க்கச் சொல்லி, அவள் சிவப்புத் தட்டில் ஒதுக்கியதை உடைக்கும் முன் வேறொருத்தி பார்த்தாள். அவ்வளவும் சுத்தமான சரக்கு. அப்படியானால் இத்தனை நாளும் டிரம்மில் நொறுங்கியது? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். மெருகுக்காரரையாவது திரும்பக் கூப்பிட்டார்களா? இல்லை. அவருடைய இடத்தில் குறைந்த சம்பளத்துக்கு ஏற்கெனவே ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

கண் டாக்டர் விளக்கைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். உள்ளே இருக்கிற சவ்வு கிழிந்து உரிந்துவிட்டது, இனி ஒட்டினாலும் பார்வை வராது என்றார்.

“முதல் புள்ளி தெரிஞ்சதுமே ஓடி வந்திருக்க வேண்டாமாம்மா?”

“புள்ளியைக் கண்டுபிடிக்கிறதுதானே டாக்டர் என் வேலை? அது என்னோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

தொழிற்சாலையில் வருஷா வருஷம் கண் சோதனை உண்டு. சுவரில் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வார்கள், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே.

சில வாரங்களில் இடது கண் முழுவதும் இருண்டது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சாலையின் வலப்பக்கத்துக்கே போனாள். அங்கே மேனேஜர் அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எங்க சரக்குக்கு ஒரு கண் போதும்மா” என்றார். விரிசல் விட்டதை மட்டும் எடுத்தால் போதுமாம், மற்றதெல்லாம் பெட்டிக்கு.

ஒரு மத்தியானம் இரண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுபோனேன். அங்கே இருட்டு அறை கிடையாது, சிவப்புத் தட்டும் கிடையாது. முந்தின நாள் டிபன் மூடியைப் பக்கத்தில் வைத்து அதில் நாலைந்து லென்ஸ்களை ஒதுக்கியிருந்தாள். என் மகன் பெட்டியோடு வந்தான்.

“என்னடி இது?”

“கீறல். ஆழமா இருக்கு.”

“விரிசலா?”

“இல்ல.”

“அப்புறம்? வாங்குறவன் என்ன உன்னை மாதிரி வெளக்குல சாய்ச்சுச் சாய்ச்சா பாக்கப் போறான்?” மூடியோடு எடுத்துப் பெட்டிக்குள் கவிழ்த்தான். வெறும் மூடியை அவளுக்கு இடது பக்கமாக வைத்துவிட்டுப் போனான். வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

அவள் இன்னொரு லென்ஸை எடுத்துப் பார்த்தாள். அதிலும் கீறல். வலது கை மேஜை மேல் மூடியைத் தேடியது. கிடைக்கவில்லை.

அவளுக்கு இடது பக்கம் நின்றிருந்த நான் மூடியை எடுத்து வலது பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“யாரு, அத்தையா?” என்று கேட்டுக்கொண்டே அந்த லென்ஸை அதில் போட்டாள்.